ஐந்தாவது பலகை

ஐந்தரை அங்குலக் கட்டையில் ஒரு அங்குலப் பலகை எத்தனை வரும் என்று யாராவது கேட்டால், எந்த வாளில் அறுக்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவருக்கு எரிச்சல் வரும். ஐந்தரைக்கு ஐந்து, இதில் கேள்வி என்ன என்பார். வாள் போகிற வழியில் இருக்கும் மரம் பலகையாகாது, தூளாகத்தான் கொட்டும் என்பது மரம் வாங்குகிற பலருக்கு இன்றைக்கும் உறைப்பதில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. கொல்லிமலை அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், ஒரு மரக்கடையில் எனக்கு அறுப்பு வேலை. கடை முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நானும் என் வயதுள்ள ஒரு கூட்டாளியும் எட்டு வருஷம் அங்கே கைவாள் இழுத்தோம். குழிக்கு மேலே கட்டையைக் கிடத்தி, அவன் மேலே நிற்பான், நான் கீழே குழிக்குள் நிற்பேன். அவன் மேலே இழுக்க, நான் கீழே இழுக்க வேண்டும். தூள் முழுவதும் கீழே நிற்பவன் தலையில்தான். கண்ணில் விழும், மூக்கில் ஏறும், வியர்வையில் அப்பிக்கொள்ளும். சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் பலா மரத்தின் வாசம் அடிக்கும். அந்தக் குழியை நான் வெறுத்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

பிறகு பாய் எண்ணெய் எஞ்சின் ஒன்றும் அதில் ஓடும் வட்டவாள் ஒன்றும் வாங்கிப் போட்டார். வட்டவாள் என்றால் சக்கரம் மாதிரி சுற்றும் ரம்பம். நாங்கள் அரை நாள் இழுக்கும் கட்டையை அது ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் பிளந்து போட்டது. அதை ஓட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைக் கூட மாற்றிக்கொண்டேன். சந்தைக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க நின்றால், அறுக்கிற மரம் இல்லாவிட்டாலும் ஒரு துண்டு விறகையாவது எடுத்து அறுத்துக் காட்டுவேன்.

ஆனால் வட்டவாள் பெருந்தீனிக்காரன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை மரவேலைக்காரர்கள் ஒரு நூல் என்பார்கள். எங்கள் கைவாள் போகிற வழியில் ஒரு நூல் மரம் தூளாகும். வட்டவாள் மூன்று நூல் தின்னும். அந்த வேகத்தில் சுற்றும்போது தகடு நெளியாமல் இருக்க அதைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். மரத்துக்குள் சிக்கிப் புகையாமல் இருக்கப் பற்களை இரண்டு பக்கமும் அகலமாகச் சாய்த்திருப்பார்கள். பிற்காலத்தில் சேலத்தில் நாடா மாதிரி ஓடும் பட்டைவாளைப் பார்த்தேன். அது ஒரு நூலுக்கும் குறைவாகத்தான் தின்றது. அதன் முன்னால் நின்றபோது எனக்கு ஆச்சரியத்தைவிடக் கோபம்தான் வந்தது. இது பத்து வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வாள் மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது.

பாய் முதல் நாளே ஒன்று சொல்லி வைத்திருந்தார். "பெரிய மரத்த மிசின்ல போடுங்கப்பா. சின்னக் கட்டையோட வர்றவங்ககிட்ட இது எவ்வளவு திங்கும்னு சொல்லிப்புடுங்க. வேண்டாம்னாங்கன்னா கையில இழுத்துக் குடுங்க." அதற்காகவே கைவாளையும் குழியையும் கொட்டகைக்குப் பின்னால் அப்படியே வைத்திருந்தார். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒரு சந்தை நாளில் மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கோடாலியால் நான்கு பக்கமும் செதுக்கிய பலாக் கட்டையைத் தலையில் வைத்து மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருந்தார். ஆறடி நீளம், அரை அடி அகலம், ஐந்தரை அங்குலக் கனம். நானும் கூட்டாளியும் சேர்ந்துதான் இறக்கி வைத்தோம். கழுத்தைக்கூடத் தேய்த்துக்கொள்ளாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, இதுல அஞ்சு பலகெ வரோணும். அஞ்சும் இந்த மரத்துலயே வரோணும். வேற மரத்துப் பலகெ ஒண்ணு கலந்தாலும் எங்கூர்ல அத கதவுன்னு சொல்ல மாட்டாங்க."

அவர் புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மகள். கொழுந்தன் வீட்டிலிருந்து பிரிந்து, சொந்தக் காட்டில், அதாவது தன் விளைநிலத்தில், தனியாக ஒரு வீடு கட்டியிருந்தார். சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து, ஆசாரியை வைத்துக் கதவு நிலையும் நட்டாகிவிட்டது. இரண்டரை அடி அகல நிலை. அரை அடிப் பலகை ஐந்தை வரிசையாக வைத்தால் சரியாக அடையும். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்த நிலத்தில் விளைந்த ஒரே மரத்தில் கதவு செய்து மாட்டினால்தான் அந்த வீட்டைத் தனிக்குடி என்று ஒத்துக்கொள்வார்கள்.

"ஆடியில கோயில்ல ஊடு ஊடாப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்க. கதவு போட்ட ஊட்டத்தானுங்க கூப்புடுவாங்க. எம்பேரக் கூப்புட்டுட்டா எங்காட்ட நானே வெதச்சுக்கலாம். இல்லீன்னா எங்கொழுந்தன் ஏருதான் உள்ள எறங்கும். நா எங்காட்டுலயே கூலிக்குப் போகோணும்."

அவர் காட்டில் இருந்தது அந்த ஒரு பலாதான். ஒரு பக்கம் பட்டுப்போன மரம். நிலைக்குப் போக, பழுதில்லாமல் தேறியது இந்தக் கட்டை மட்டுமே. சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு நூலு திங்கற வாளா இருந்தா அஞ்சு வரும், அதுக்கு மேல தின்னா வராதுன்னு ஆசாரி சொன்னாருங்க. உங்க மிசினு எத்தன நூலு திங்குங்க?"

ஆசாரி கணக்கு சுத்தமான கணக்கு. ஐந்தரை அங்குலம் நாற்பத்து நான்கு நூல். ஐந்து பலகைக்கு நாற்பது நூல், நான்கு அறுப்புக்கு நான்கு நூல். இம்மி மிச்சமில்லை. வட்டவாளில் போட்டால் நான்கு அறுப்புக்குப் பன்னிரண்டு நூல் போய்விடும். அறுப்புக்கு இரண்டு நூல் கூடுதல், நான்கு அறுப்புக்கு எட்டு நூல், அதாவது முழுசாக ஒரு பலகை. இதைக் கணக்குப் போட எனக்கு விரல் மடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை வட்டவாளின் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். மூன்று நூல் என்று சொன்னால், சரிங்க, கையிலேயே அறுத்துக் குடுங்க என்பார். நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்க வேண்டும், அத்தனை பேர் பார்க்க.

"கைவாளு மாதிரியேதானுங்கக்கா. ஒரு நூலுதான் போகும். நீங்க சந்தைக்குப் போயிட்டு வாங்க, அஞ்சையும் அடுக்கி வெச்சர்றேன்" என்றேன்.

அவர் மடியில் மிளகு முடிந்து வைத்திருந்தார். அதை விற்றுவிட்டு வருகிறேன் என்று சந்தைக்குப் போனார். என் வார்த்தையைச் சந்தேகப்படவே இல்லை.

அவர் தலை மறைந்ததும் கூட்டாளி கிட்டே வந்தான். "மாப்ள, இது மிசின்ல போடற கட்டெ இல்ல. பாய் சொன்னது மறந்துபோச்சா? வா, இழுத்தர்லாம். பொழுதுக்குள்ள முடிஞ்சுரும்."

"வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கம் புடி" என்றேன்.

முதல் பலகை விழுந்தது. அவன் கையைக் காட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மிச்சத்தக் கையில இழுத்தா பலகைக்கு அரை நூலு கொறையும், அவ்வளவுதான். ஆசாரி ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. அஞ்சும் வந்துரும்" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த இடத்தில் நான் கேட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. ஆனால் அவன் சொல்லி நான் கேட்பதா என்று ஒரு வீம்பு. எஞ்சினை மறுபடி ஓட்டினேன். நான்கு பலகை விழுந்தது. ஐந்தாவதாக எடுப்பதற்கு ஒன்றுமில்லை. காலடியில் மஞ்சளாகத் தூள் கிடந்தது. கூட்டாளி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய் உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. கடை அடுக்கில் வேறு ஏதோ பலா மரத்தின் பலகைகள் கிடந்தன. அதில் ஒன்றை உருவி, அதே அளவுக்கு வெட்டி, மேல் பழுப்பு போகும்வரை இழைப்புளியால் சீவினேன். பலா உள்ளே மஞ்சளாகத்தான் இருக்கும். அந்த அக்காவின் மரத்தூளையே அள்ளி அதன்மேல் தேய்த்தேன். ஐந்தையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது எனக்கே எது அது என்று தெரியவில்லை. சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக அந்த நிமிஷம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "அஞ்சு" என்றார். முகம் மலர்ந்துபோயிற்று. "நல்லா இருப்பீங்க" என்று சொல்லி, பலகைகளைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையைப் பார்த்து நடந்தார். பாயிடம், கடைப் பலகை ஒன்றை அறுக்கும்போது பாழாக்கிவிட்டேன் என்று இன்னொரு பொய்யையும் சொன்னேன்.

ஆடி முடிந்து ஒரு சந்தை நாளில் அந்த அக்கா மறுபடி வந்தார். ஒரு தார் மலைவாழைப்பழம் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். கோயிலில் தன் பெயரைக் கூப்பிட்டார்கள் என்றார். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். கதவை மாட்டியதும் ஊர்க்கவுண்டர் வந்து பார்த்திருக்கிறார். கொழுந்தன் கூடவே நின்றிருக்கிறான். ஒரே மரம்தானா என்று அவர் கேட்டதற்கு இந்த அக்கா கற்பூரம் ஏற்றச் சொல்லி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

"நீங்க அறுத்துக் குடுத்ததுதானுங்களே. எனக்கென்ன பயம்? டக்குனு அணைச்சுட்டேன்" என்று சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துச் சொன்னதற்கு மேல் பேச்சே கிடையாது. பொய்யாக அணைத்தவர் ஊருக்கு மட்டுமல்ல, சாமிக்கும் ஆகாதவர். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்தேன். "பழம் நல்லாப் பழுத்திருக்குதுங்கக்கா" என்றேன். அதுதான் வந்தது. அவர் போனதும் இரண்டு பழத்தை உரித்துத் தின்றேன். கூட்டாளிக்கு ஒன்று நீட்டினேன். "நீயே தின்னு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பலா மரம் வெயிலும் காற்றும் பட நிறம் மாறும். மஞ்சள் போய்ப் பழுப்பேறும். ஒரே மரத்துப் பலகைகள் ஒன்றாகப் பழுக்கும். வேறு மரம் வேறு மாதிரி பழுக்கும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் மலையேறி யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் கண்ணுள்ள மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் மழை முடிந்த சமயம். மிளகு வாங்க மலைக்குப் போய் வந்த வியாபாரி ஒருவர் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். வளப்பூர் நாட்டில் ஒரு பெண் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டாளாம். கதவில் நான்கு பலகை ஒரு நிறம், ஒரு பலகை கருத்துப்போய் வேறு நிறம். ஆடியில் அவள் பெயரைக் கூப்பிடவில்லையாம். காட்டில் கொழுந்தன் ஏர் இறங்கிவிட்டதாம். "பாத்தா பதுவுசா இருக்கறா. எத்தன தைரியம் பாருங்க, கற்பூரத்த அணைச்சிருக்கறா" என்றார். யாரும் அவளைக் கோயிலுக்கு வரக்கூடாது என்று சொல்லவில்லையாம். அவளே போவதை நிறுத்திக்கொண்டாளாம்.

கூட்டாளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உடனே கிளம்பிப் போனேன் என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் போகவில்லை. எஞ்சின் ரிப்பேர் என்று ஒரு வாரம், காய்ச்சல் என்று ஒரு வாரம், ஊரில் கல்யாணம் என்று ஒரு வாரம். காரணத்துக்கா பஞ்சம். மலையில் அந்த அக்கா தன் காட்டிலேயே கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்த மூன்று மாதம் அது. ஒரு நாள் காலை மிசினில் பலாக் கட்டை ஒன்றை ஏற்றினேன். வாசம் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? ஏறிப் போ" என்றார்.

அன்றே ஏறினேன். நேராக அவர் வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லாமல் ஊர்க்கவுண்டர் வீட்டைத் தேடிப் போனேன். களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவர் காலால் துழாவிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிங்க. ஆனா அணைச்ச கையி அந்தப் புள்ளையோடதாச்சே. ஊரறிய அணைச்சுது. எங்கிட்ட ஒருத்தங்கிட்டச் சொன்னா ஆச்சுங்களா? வர்ற ஆடிக்கு வாங்க. அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க."

பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனேன். கதவில் நான்கு பலகைதான் இருந்தது. ஐந்தாவதைப் பிடுங்கிவிட்டு, அந்த அரை அடிச் சந்தில் மூங்கில் தட்டி கட்டியிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். "சரிங்க" என்றார். தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

ஆடியில் போனேன். கோயில் முன்னால் மூன்று ஊர்ச் சனம் கூடியிருந்தது. என்னை நடுவில் நிறுத்தினார்கள். வட்டவாள் மூன்று நூல் தின்னும் என்றும், தெரிந்தே ஒரு நூல் என்றேன் என்றும், கடைப் பலகையைச் சீவித் தூள் தேய்த்துக் கலந்தேன் என்றும் சொன்னேன். ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். ஊர்க்கவுண்டர் அந்த அக்காவைக் கூப்பிட்டு, சத்தியக் குற்றம் கழியக் கையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். பிறகு வீடு வீடாகப் பெயர் சொன்னபோது அவர் பெயரையும் சொன்னார். ஒரு வருஷ வெள்ளாமை போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தரவில்லை, நானும் தரவில்லை.

புறப்படும் முன் அவர் வீட்டுப் பக்கம் போனேன். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை கிடைக்காதா என்ற நப்பாசைதான், வேறென்ன.

கதவு சாத்தியிருந்தது. அதே நான்கு பலகை. தட்டி இல்லை, சந்தும் இல்லை. எனக்குப் புரியாமல் நின்றேன். பிறகுதான் பார்த்தேன், நிலையைப் பிடுங்கி, மேல் கட்டையையும் வாசற்படியையும் அரை அடி குறைத்து நட்டிருந்தது. பக்கத்தில் அரை அடிக்குப் புதுச் சுவர், மண் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. அவர் பின்னாலிருந்து வந்து கதவைத் தள்ளித் திறந்தார், மறுபடி சாத்திக் காட்டினார்.

"ரெண்டடி. நல்லாத்தான் சாத்துதுங்க" என்றார். "எங்கூட்டுக்குள்ள நானும் எம்புள்ளையும்தானே நொழையறோம். நாலுதான் வந்துதுன்னு அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, அன்னிக்கே ஒடுக்கியிருப்பேனுங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு விவரம் கேட்பது போலத்தான் கேட்டார். அரை நாள் வேலை அது. ஐந்து பலகை வேண்டும் என்றதும் ஐந்தாவதை எங்கிருந்து கொண்டுவருவது என்று மட்டுமே யோசித்தவன் நான்.